அடிபட்ட பாம்பு: காப்பதா, கொல்வதா?

சித்தியவான் வட்டாரத்தில் பால்மரக் காடுகளாக விளங்கிய தோட்டங்களுள் பல, இன்று செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. மரம் மாறியபோதிலும் நிலம் மாறவில்லை. ஆயர் தாவார் தொடங்கி மஞ்சோங் ஆற்றின் கரை வரையில் பரந்து கிடக்கும் தாழ்நிலமும் சதுப்பும் ஓடைகளும், முன்போலவே ஊர்வனவற்றின் உறைவிடமாக இருந்து வருகின்றன. விடியுமுன் தலைவிளக்குடன் நிரையில் இறங்கும் பால்வெட்டுத் தொழிலாளரும், புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் சுமந்து செல்வோரும், வீட்டின் பின்புறத்தில் கோழி வளர்க்கும் குடும்பங்களும் ஒரு பாம்பையோ உடும்பையோ காணாமல் ஓர் ஆண்டைக் கழிப்பது அரிது.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். நடுங்கும் படை என்ன செய்யும் என்பதையும் நாம் அறிவோம். ஒருவர் கூச்சலிடுவார், நால்வர் கட்டையுடன் ஓடிவருவர். பாம்பு நஞ்சுடையதா, நஞ்சற்றதா என்று பார்க்கும் பொறுமை அங்கு எவருக்கும் இராது. எலியைத் தின்று நமக்கு நன்மை செய்யும் சாரையும், தீண்டினால் உயிரைப் பறிக்கும் நாகமும் ஒரே கட்டையால் அடிபடுகின்றன. அண்மைக் காலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு பழக்கமும் தலைகாட்டியிருக்கிறது. பாம்பைக் காப்பாற்றுகிறோம் என்று கூறிக்கொண்டு, எவ்விதப் பயிற்சியுமின்றி வாலைப் பிடித்துத் தூக்கி, கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளும் இளைஞர் சிலரைக் காண்கிறோம். இது வீரமும் அன்று, இரக்கமும் அன்று என்பதே நம் கருத்து.

கொல்வதா, காப்பதா என்னும் கேள்வி, நலமாக ஊர்ந்து செல்லும் பாம்பைப் பொறுத்தவரையில் கடினமானதன்று. அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாலே பெரும்பாலும் போதும். கடினமான கேள்வி வேறு. புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தியில் சிக்கி உடல் கிழிந்த மலைப்பாம்பு; டிராக்டர் சக்கரம் ஏறிய உடும்பு; பாதி அடித்துவிட்டு அஞ்சி ஓடியவர்களால் கைவிடப்பட்டு, முதுகெலும்பு முறிந்த நிலையில் வாய்க்காலோரம் கிடக்கும் நாகம். இவற்றை என்ன செய்வது? காப்பாற்ற முயல்வதா, அல்லது துன்பத்தை முடித்து வைப்பதா? முடித்து வைப்பதாயின் எவர் முடிப்பது, எவ்வாறு முடிப்பது?

இதற்கு விடை காணுமுன் அறிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. நாய் அடிபட்டால் ஊளையிடும், மாடு கதறும். பாம்பு சீறுமேயன்றி வலியால் அலறுவதில்லை. ஆகவே, கத்தாத உயிர் நோகாத உயிர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். வலியை உணர்வதற்கு வேண்டிய நரம்பும் மூளையும் ஊர்வனவற்றுக்கும் உண்டு என்பதைக் கால்நடை மருத்துவம் இன்று ஏற்றுக்கொள்கிறது. அதுமட்டுமன்று. நம்மைப் போன்ற வெப்பக் குருதி உயிர்களின் மூளைக்குச் சில நிமிடங்கள் உயிர்வளி கிட்டாவிடின் உயிர் போய்விடும். ஊர்வனவற்றின் உடலோ மெல்ல இயங்குவது. குறைந்த உயிர்வளியைக் கொண்டே அவற்றின் மூளை நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். நமக்கு உடனடி மரணமாகத் தோன்றும் காயம் பாம்புக்கு உடனடி மரணமாவதில்லை. நசுங்கிய பாம்பு மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடும்.

தலையைத் துண்டித்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று கருதுவோர் பலர். அது தவறு. துண்டித்த தலையில் மூளை உடனே செயலிழப்பதில்லை; அத்தலையால் கடிக்கவும் முடியும். 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், தம் வீட்டுத் தோட்டத்தில் விரியன் இனப் பாம்பொன்றின் தலையை மண்வெட்டியால் துண்டித்த ஒருவர், பின்னர் அதனை அப்புறப்படுத்தக் குனிந்தபோது அத்தலையாலேயே கடிபட்டு, உயிருக்குப் போராடி மீண்டார். இக்காரணங்களால்தான் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் நெறிமுறைகள், தலையைத் துண்டிப்பது மட்டும் போதாது, மூளையையும் உடனே அழித்தாக வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. குளிர்பெட்டியில் இட்டு உறையவைத்துக் கொல்வது நோவற்ற முறை என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. பாம்பு, உடும்பு போன்றவற்றுக்கு அதுவும் ஏற்ற முறையன்று என்றே இன்று கொள்ளப்படுகிறது. மருந்தூசியால் முதலில் உணர்விழக்கச் செய்து, அதன்பின் மரணத்தை உறுதிப்படுத்துவதே மருத்துவர் கையாளும் வழி. நம் கையிலுள்ள கட்டையும் பாராங்கத்தியும் இக்காரியத்துக்கு உதவாதவை என்பது இதிலிருந்தே விளங்கும்.

காப்பதும் கொல்வதும் ஒரே கைகளால் நிகழ்ந்த வரலாறு ஒன்று தமிழரிடையே உண்டு. தமிழ்நாட்டின் செங்கற்பட்டு வட்டாரத்தில் வாழும் இருளர் மக்கள், பாம்பு பிடிப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். புல்லின் மடிப்பையும் மண்ணில் பதிந்த கோட்டையும் கண்டே, எந்தப் பாம்பு எந்த வளையில் இருக்கிறது என்று கூறவல்லவர்கள். ஒரு காலத்தில் அவர்கள் பிடித்த பாம்புகள் தோலுக்காகக் கொல்லப்பட்டன. 1972ஆம் ஆண்டில் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, தோல் வாணிபத்துக்கும் தடை வந்தபோது அவர்களுடைய பிழைப்பும் போயிற்று. அந்நிலையில் ரோமுலஸ் விட்டேகர் என்னும் பாம்பியல் அறிஞரின் துணையுடன், 1978ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. மாமல்லபுரம் செல்லும் வழியிலுள்ள வடநெம்மேலியில் அது இயங்கி வருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்துச் சில வாரங்கள் மண்பானைகளில் வைத்திருந்து, நஞ்சை எடுத்துக்கொண்டபின் மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைக் கொண்டுதான் பாம்புக்கடிக்குரிய நச்சுமுறி மருந்து தயாரிக்கப்படுகிறது. பாம்பும் பிழைத்தது, அதனால் தீண்டப்பட்டவர்களும் பிழைத்தனர்.

இச்சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்குள்ள சதுப்புக் காடுகளில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிப்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. உள்ளூர் வேட்டைக்காரர்கள் திணறிய இடத்தில், ஒரு வாரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள் 13 மலைப்பாம்புகளை அவர்கள் பிடித்தனர். ஊரில் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடும் வழக்கமுடைய இவ்விருவரும் அங்குப் பிடித்தவை காட்டுக்குத் திரும்பவில்லை. அவ்வாறு அகப்படும் மலைப்பாம்புகளைக் கருணைக் கொலை செய்வதே புளோரிடாவின் நடைமுறை. 2023ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இருவருக்கும் பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது.

ஓரிடத்தில் காப்பதும் மற்றோரிடத்தில் கொல்வதும் முரண்பாடன்றோ எனில், அன்று என்றே கூறவேண்டும். பர்மிய மலைப்பாம்பு புளோரிடாவின் பிராணியன்று. வளர்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்டுத் தப்பியவையும் கைவிடப்பட்டவையும் அங்கே பல்கிப் பெருகின. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் இம்மலைப்பாம்புகள் நெடுங்காலமாக வாழும் பகுதிகளில் ரக்கூன் என்னும் சிறு விலங்கு தென்படுவது 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டதைக் காட்டிற்று. காட்டையே காலியாக்கும் ஓர் உயிரை அகற்றுவதற்கு அங்குக் காரணம் இருக்கிறது. அந்நிலையிலும் மலைப்பாம்பின் உணர்வை உடனடியாகப் போக்கி, மூளையை அழித்தே கொல்ல வேண்டும் என்னும் விதி அங்கே நடைமுறையில் உள்ளது. மனிதன் கொண்டுவந்து விட்ட குற்றத்துக்குப் பாம்பு வதைபட வேண்டுவதில்லை அல்லவா?

“அமெரிக்காவிலேயே மலைப்பாம்பைக் கொல்கிறார்களே” என்று கைப்பேசிப் படத்தைக் காட்டிப் பேசுவோருக்கு நாம் கூற வேண்டியது இதுதான். நம் தோட்டத்து மலைப்பாம்பு எங்கிருந்தோ வந்து குடியேறியதன்று. நம் பாட்டன்மார் இந்நாட்டில் காலடி வைப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இம்மண்ணில் வாழ்வது. அது எலியைத் தின்கிறது. செம்பனைக் குலைகளைக் கடித்து நாசமாக்குவதும், தன் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரப்புவதும் எலிதான். தோட்ட நிர்வாகங்கள் கூகைகளுக்குக் கூண்டு கட்டிக் கொடுத்து வளர்ப்பது எதற்காகவோ, அதே வேலையைப் பாம்பு கூண்டின்றிச் செய்கிறது. மலைப்பாம்பும் உடும்பும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட பிராணிகள். உரிமமின்றி அவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். வனவிலங்கை வதைப்பது தனிக் குற்றம். உடும்புக் கறி இடுப்பு வலிக்கு நல்லதென்று நம்புவோரும் இதனைக் கருத்திற் கொள்வது நலம்.

புளோரிடாவில் நிகழ்ந்தது போன்ற தவற்றை இரக்கத்தின் பெயரால் நாமே செய்வதும் உண்டு. கோயில் குளங்களிலும் ஆறுகளிலும் புண்ணியம் கருதி விடப்படும், கன்னத்தில் சிவப்புக் கோடுடைய ஆமை அமெரிக்க இனத்தைச் சேர்ந்தது. கடையில் வாங்கி விட்டவருக்கு மனநிறைவு. நம் நாட்டு ஆமைகளுக்கு இடநெருக்கடி. செகாரிக் கடற்கரையில் முட்டையிட வரும் கடலாமைகளையும், போத்தா கானானில் பொரிக்கவைத்துப் பேராக் ஆற்றில் விடப்படும் துந்தோங் ஆமைகளையும் காப்பதற்கு அரசாங்க இலாகாக்கள் எடுத்துவரும் முயற்சி நம் மாநிலத்துக்குப் பெருமை தருவது. காக்க விரும்புவோர் அத்தகைய பணிகளுக்குத் துணைநிற்கலாம்.

காப்பாற்றுதல் என்பது எப்போதும் நன்மையாகவே முடியும் என்பதற்கும் உறுதியில்லை. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் பினாங்கு பாயா தெருபோங்கில், மேம்பாலம் கட்டுமிடத்தில் மாபெரும் மலைப்பாம்பு ஒன்று அகப்பட்டது. அதன் நீளம் 8 மீட்டர், எடை 250 கிலோ என்று அப்போது மதிப்பிடப்பட்டது. உலகிலேயே பிடிபட்டவற்றுள் மிகப் பெரியதாக இருக்கலாம் என்ற செய்தி வெளிநாட்டு ஏடுகளிலும் வந்தது. எவரும் அதனைக் கொல்லவில்லை. பொதுத் தற்காப்புப் படையினர் பிடித்து, வனவிலங்கு இலாகாவிடம் ஒப்படைப்பதற்காக வைத்திருந்தனர். சில நாள்களில் அது ஒரு முட்டையிட்டது, பின்னர் இறந்துவிட்டது. அதன் சாவுக்கு இதுதான் காரணம் என்று நாம் தீர்ப்புக் கூற இயலாது. ஆயினும் காட்டுப் பாம்புக்குப் பிடிபடுவதே பெரும் அதிர்ச்சி என்பதையும், சினைகொண்ட பாம்புக்கு அது மேலும் கொடிது என்பதையும் மறுப்பதற்கில்லை.

பிடித்த பாம்பைத் தொலைதூரக் காட்டில் கொண்டுவிடுவதிலும் இத்தகைய இடர் உண்டு. தொலைவு கூடக்கூட இரக்கமும் கூடும் என்று நாம் எண்ணுகிறோம். பாம்புக்குத் தன் எல்லை தெரியும். எந்த வளை பாதுகாப்பானது, எங்கே நீர் உண்டு, எங்கே இரை வரும் என்பன தெரியும். அறியாத காட்டில் விடப்பட்டால் இடமறியாமல் அலைந்து, வலசை போகும் வழியில் வாகனத்திலோ பகையிடத்திலோ சிக்கி மடிகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிலுகிலுப்பை விரியன்களைத் தொடர்ந்து கவனித்து 1999ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், இடம் மாற்றி விடப்பட்டவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை இறந்துவிட்டமை தெரியவந்தது. சொந்த இடத்தில் இருந்தவற்றிலோ பத்தில் ஒன்று போல்தான் இறந்தது. ஆகவே, குடியிருப்புக்குள் வந்த பாம்பை அகற்றுவோர், அருகிலுள்ள பொருத்தமான காட்டோரத்தில் விடுவதையே விரும்புகின்றனர். “இங்கேயே விட்டுவிட்டார்களே” என்று அவர்களோடு சச்சரவிடுவது முறையாகாது.

காப்பவரின் உயிரும் ஓர் உயிர் என்பதை மறந்துவிட்டு இவ்விவகாரத்தைப் பேசுவது நேர்மையாகாது. பகாங் மாநிலத்தில் தெமர்லோ தீயணைப்பு நிலையத்தைச் சேர்ந்த அபு ஸாரின் ஹுசேன், ராஜநாகத்தின் இயல்பை நுணுகி அறிந்தவர் என்று நாடறிந்தவர். பாம்பைக் கொல்லாமல் பிடிப்பது எப்படி என்று சக தீயணைப்பாளர்களுக்குப் பயிற்சியளித்தவர். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெந்தோங்கில் பாம்பு பிடிக்கும் பணியின்போது ராஜநாகம் தீண்டியதால், தம் 33ஆம் வயதில் அவர் உயிர் துறந்தார். அத்தகைய தேர்ச்சி பெற்றவருக்கே அந்நிலை எனில், கைப்பேசியை ஒரு கையிலும் பாம்பின் வாலை மறுகையிலும் பிடித்து நிற்பவரைப் பற்றி என்ன சொல்வது! மனித உயிருக்கு உடனடி ஆபத்து நேரும்போது விலங்கைக் கொல்ல நேர்ந்தால் சட்டமும் அதனை விதிவிலக்காகவே கருதுகிறது. குழந்தையின் தொட்டிலருகே படமெடுத்து நிற்கும் நாகத்திடம் சட்டத்தை ஓதிக்கொண்டு நிற்குமாறு எவரும் நம்மைக் கேட்கவில்லை. ஆனால் நிரையோரத்தில் தன்பாட்டில் போகும் பாம்பைத் துரத்திச் சென்று அடித்துவிட்டு அதனையும் ஆபத்து என்பது பொருந்தாது.

இனி, அடிபட்ட பாம்புக்கு வருவோம். அதன் உடல் எந்த அளவுக்குச் சிதைந்துள்ளது என்பதே முதற்கேள்வி. தோல் கிழிந்த மலைப்பாம்பு தைத்து மருந்திட்டால் தேறக்கூடும். ஊர்வனவற்றின் காயம் ஆறுவதற்கு நாளாகுமேயன்றி ஆறாமற் போவதில்லை. குடல் வெளிவந்து, முதுகெலும்பு பல இடங்களில் நொறுங்கிய பாம்பைக் கூண்டில் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்பது அதன் துன்பத்தை நீட்டுவதே. அந்நிலையில் மருத்துவர் கையால் நோவின்றி முடித்து வைப்பது கொலையன்று, கடமை என்று நாம் கருதுகிறோம். இவ்விரண்டுள் எது என்று முடிவு செய்யும் அறிவு கால்நடை மருத்துவரிடமும் வனவிலங்கு இலாகாவிடமும் உள்ளது. ஆதலால் நம் பங்கு சிறியது. ஆயினும் விரைவாகச் செய்ய வேண்டியது. கூட்டத்தை விலக்க வேண்டும். நாயைக் கட்ட வேண்டும். குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நின்று, பாம்பு எங்குச் செல்கிறது என்பதை ஒருவர் மட்டும் கவனித்தால் போதும். நம் நாட்டு நாகங்களுள் நஞ்சை உமிழும் இனமும் உண்டு என்பதால் இந்த இடைவெளி வேண்டும். 999 எண்ணை அழைத்து, தோட்டத்தின் பெயரையும் நிரை எண்ணையும் தெளிவாகக் கூறினால் மீட்புப் பணியாளர் வந்து சேர்வர். அவர்கள் வரும்வரை அதன்மீது வெந்நீரோ மண்ணெண்ணெயோ ஊற்றுவது பாவம் மட்டுமன்று, பலனும் அற்றது.

அடிபட்ட பாம்பு ஆளை நினைவில் வைத்துப் பழிவாங்கும் என்ற நம்பிக்கையால்தான், பாதியில் விட அஞ்சி நம்மவர் அதனை நையப் புடைக்கின்றனர். நாகம்மனுக்குப் பால் வைத்துக் கும்பிடும் அதே கையால் நாகத்தை அடித்து நொறுக்குவதற்கும் இந்த அச்சமே காரணம். பாம்புக்கு ஒருவரின் முகத்தைக் குறித்துவைத்துத் தேடிவரும் ஆற்றல் கிடையாது. அடித்ததை மேலும் அடிப்பதற்கு இது காரணமாகாது. முதலடியைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

ஆடும் கோழியும் இழந்தவரின் குறையையும் நாம் தட்டிக்கழிக்க முடியாது. நாள்கூலி பெறும் குடும்பத்துக்கு ஓர் ஆடு போவது ஒரு மாதத்துச் சேமிப்புப் போவதாகும். இழப்பீடு கொடுக்க மலைப்பாம்பு வராது. கொட்டகையைத் தரையிலிருந்து உயர்த்தி, நெருங்கிய கண்ணுள்ள இரும்பு வலையால் நாற்புறமும் கூரையும் அடைத்து, இரவில் கதவைத் தாழிடுவதே நாம் கண்ட வழி. மலைப்பாம்பு தலை நுழையும் சந்தில் உடலை நுழைத்துவிடும். பெரிய கண் வலை பயன்படாது. சமையல் கழிவைக் கொட்டகையருகே கொட்டினால் எலி வரும். எலியின் பின்னே பாம்பு வரும்.

கடிபட்டவர் செய்ய வேண்டியதையும் கூறிவிடுவோம். கடித்த பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போவது பழைய வழக்கம். அதனால் இரண்டாமவரும் கடிபட நேர்ந்ததுண்டு. தொலைவிலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். முடியாவிட்டாலும் மருத்துவர் அறிகுறிகளைக் கொண்டே சிகிச்சை தொடங்குவர். கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கானவை. கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்து, மோதிரம், வளையல் முதலியவற்றைக் கழற்றி, ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். நாகத்தின் நஞ்சு கண்ணில் பட்டால் நிறையத் தூய நீர் ஊற்றிக் கழுவியபின் மருத்துவரிடம் செல்ல வேண்டும்; பச்சிலைச் சாறு எதையும் விடலாகாது.

புல்வெட்டும் இயந்திரத்தை இயக்குவோருக்கு ஒரு சொல். வெட்டப்போகும் இடத்தை முதலில் நீண்ட கோலால் தட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து வந்தால், அங்குள்ள பாம்பும் உடும்பும் விலகிச் செல்ல நேரம் கிடைக்கும். காய்ந்த மட்டைக் குவியல்களில் இதனைத் தவறாமல் செய்ய வேண்டும். பாம்பு முட்டையிடுவதும் அடைகாப்பதும் அங்கேதான்.